டர்போ காரின் வலப்பக்க இருக்கை

அந்த எஞ்சினை முதன்முறை ஸ்ராட் பண்ணிய சனிக்கிழமை, கராஜுக்குள் நானும் அம்மாவும் மாமாவும் நின்றோம். அப்பா இல்லை. அவர் ஓட்டும் சாமான் லொறியோடு தண்டர் பே நகரத்தைத் தாண்டி மேற்கே போயிருந்தார். தங்கச்சி வீட்டில்தான் இருந்தாள், ஆனால் வர மறுத்துவிட்டாள். சமையலறை யன்னலைத் திறந்து, "வெடிச்சா இந்த வீட்டில ஒராளாவது மிஞ்சவேணும், ஐ ஆம் நொட் கமிங்" என்று கத்திவிட்டு யன்னலை இழுத்து மூடினாள்.

மாமா அம்மாவின் தம்பி. ரயர் கடையில் வேலை. தீயணைக்கும் சிலிண்டரைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். புது வாகனத்துக்கு வைப்பதுபோல அம்மா நான்கு சில்லுக்கும் கீழே நசுக்கி ஓடத் தேசிக்காய் வைத்திருந்தா.

"அக்கா, கார் நிண்ட இடத்திலதான் நிக்கப்போகுது. தேசிக்காய் ஏன்?"

"ஓடுறதுக்குத்தானே செய்யிறான்."

"இவன் செஞ்சது ஓடினா தேசிக்காய் என்ன, நான் தோடம்பழமே வைப்பன்."

திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் இரண்டு முறை இருமியது. மூன்றாம் முறை பிடித்தது. கராஜின் தகரக் கதவு அதிர்ந்தது, வெள்ளைப் புகை வந்தது, எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் மெல்ல மேலேறி நின்றது. நான் அந்த முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது விழுந்தால் எல்லாம் முடிந்தது. அம்மா காதைக் கையால் மூடிக்கொண்டு, "ஆர் மனே விசிலடிக்கிற?" என்று கேட்டா.

அதுதான் டர்போ என்று சொன்னேன். எனக்கு வாய் கொள்ளாத சந்தோசம். பொனற்றுக்குள் டோர்ச் அடித்துக் காட்டினேன். எஞ்சின் வெளியே விடும் சூடான புகை வீணாகப் போகாமல் இந்த நத்தை ஓட்டுக்குள் நுழைந்து ஒரு சிறிய சில்லைச் சுற்றும், அந்தச் சில்லு மற்றப் பக்கத்தில் இன்னொரு சில்லைச் சுற்றும், அது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும், அதனால் சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினைப்போல இழுக்கும். அம்மா கவனமாகக் கேட்டா. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"இதுக்குள்ள ஆகப் பயமான சாமான் எது?"

"இதுதான்," என்று நத்தை ஓட்டைத் தொட்டுக் காட்டாமல் காட்டினேன். "நல்லா மிதிச்சா நெருப்புத் தணல்மாதிரிச் சிவக்கும். சுத்திவர எண்ணெய் ஓடுது. இது சரியா இரிந்தா எல்லாம் சரி."

அம்மா அந்த இடத்தைக் கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றா. படம் எடுத்து வைப்பதுபோல.

அப்பா மட்டக்களப்பில் படுவான்கரை வயல்களில் டிரக்டர் ஓடியவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. அம்மா எட்டு வரை. நான்தான் எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போய்ப் பட்டயம் வாங்கிய முதல் ஆள். அந்தப் பட்டயம் இயந்திரவியல் என்றாலும் என் வேலை ஒரு அலுவலகத்தில் கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய் வரைவது. கார் மெக்கானிக் அல்ல நான். வெப்பமும் அழுத்தமும் பற்றிய இரண்டு பாடங்கள், நிறைய வாசிப்பு, இணையத்தில் யார் யாரோ தங்கள் கொட்டில்களில் செய்து காட்டிய காணொளிகள், இவ்வளவுதான் என் கையிருப்பு. ஆனால் வீட்டில் அது எடுபடாது. ஒன்பது வயதில் வங்கியில் இருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தை வாசித்துச் சொன்ன நாளிலிருந்து நான் படித்தவன். நான் சொன்னால் அது சரி. சரியா என்று திருப்பிக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை. இது பெருமையான விசயம்போலத் தோன்றும். ஒரு காரைச் செய்து, அதற்குள் தாயை ஏற்றும்வரை எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கார் அப்பாவின் ஆசை. கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அவருக்குக் கார் கழுவும் இடத்தில் வேலை. கழுவிய கார்களை வேலையாட்களே நகர்த்தி வரிசையில் விடுவார்கள். இப்படி ஒரு பழைய இரண்டு கதவுக் கார், நீண்ட மூக்கும் அகன்ற பின்புறமுமாக வந்தபோது, அதன் சொந்தக்காரன் ஒருவரையும் உள்ளே இருக்க விடவில்லையாம். அப்பா வெளியே நின்று துடைத்தார். "ஒரு நாளைக்கு அதுக்குள்ள இரிந்து ஓடிப் பாக்கோணும்" என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லுவார், இன்றைக்கு மழை வரும் என்பதுபோலச் சாதாரணமாக.

பிறகு ஒரு முறை வடக்கே ஒரு பண்ணைக்குச் சாமான் இறக்கப் போனவர், கொட்டிலுக்குள் தார்ப்பாயின் கீழ் எஞ்சின் இல்லாமல் கிடந்த அதே வகைக் காரைக் கண்டார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வாங்கி ஏற்றிக்கொண்டே வந்துவிட்டார். இறக்கிய கையோடு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ படிச்சனிதானே. செய்."

செய்தேன். ஒரு நொறுங்கிய பிக்கப்பின் ஆறு சிலிண்டர் எஞ்சின். பழைய வாகனங்களை உடைத்து விற்கும் இடமொன்றில் அப்பா பேரம் பேசி எடுத்த டர்போ. அந்தக் காலத்து எட்டு சிலிண்டர் எஞ்சின் பெற்றோலைத் தண்ணீர்போலக் குடிக்கும். இது நகரத்துக்குள் மெதுவாகப் போகும்போது அளவாய்க் குடிக்கும், 401 நெடுஞ்சாலையில் ஏறும்போது மட்டும் இழுக்கும். அழுத்தத்தைக் குறைவாகவே வைத்தேன். முன் சில்லுகளுக்குப் புது டிஸ்க் பிறேக். தோளைக் குறுக்கே பிடிக்கும் பெல்ற்றுகள், ஏனென்றால் அதில் முன்பு இருந்தது இடுப்புக்கு மட்டும் கட்டுகிற பட்டி. பெரிய ரேடியேற்றர். கண்காட்சிக்கு வைக்கிற கார் வேண்டாம், நாள்தோறும் ஓடுகிற கார் வேண்டும் என்பதில் நான் தெளிவாய் இருந்தேன். வாகனப் பரிசோதனையில் அது முதல் தடவையே தேறியது. இன்சூரன்ஸ்காரியிடம் டர்போ போட்டதை மறைக்காமல் சொன்னேன். அவ என்னைத் தொலைபேசியில் காத்திருக்க வைத்துவிட்டுப் போய் மேலாளரைக் கேட்டா. திரும்பி வந்து சொன்ன தொகையை நான் இரண்டு தரம் சொல்லவைத்தேன்.

அது தேறிய கிழமையிலேயே நாங்கள் அதுவரை ஓடிய பழைய வானின் கியர் பெட்டி செத்துப்போனது.

நாங்கள் இருப்பது ரொறன்ரோவின் கிழக்கே, ரூஜ் பக்கம். அம்மாவின் வேலை அஜின்கோர்ட்டில் ஒரு பாண் பேக்கரியில், பொதி கட்டுகிற இடத்தில். பஸ் என்றால் இரண்டு மாறவேண்டும். என் அலுவலகமும் அதே திசை. எனவே ஒருவரும் தீர்மானிக்காமலே தீர்மானமானது: நான் ஓடுவேன், அம்மா எனக்குப் பக்கத்தில், வலப்பக்க இருக்கையில் இருப்பா.

"ரொக்கட்டில பாண் கட்டப் போறவ இந்த ரொறன்ரோவிலேயே எங்கட அக்கா ஒராள்தான்," என்றார் மாமா.

முதல் நாள் 401இல் ஏறியபோது என் முதுகு வியர்வையில் இருக்கையோடு ஒட்டியிருந்தது. கார் தாழ்ந்தது. பக்கத்தில் போகும் லொறியின் சில்லு என் முகத்துக்கு நேரே சுற்றும். ஏறு பாதையில் அக்சிலேற்றரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. அந்த ஒரு கணம் கார் யோசிப்பதுபோல இருக்கும். பிறகு அந்த விசில் எழும்பும், யாரோ பின்னாலிருந்து எத்தியதுபோல முன்னே பாயும். அதே கணத்தில் நான் முறுக்கிய ஒவ்வொரு ஆணியும் மனதில் வரிசையாக வரும். அந்த எண்ணெய்க் குழாயின் மூட்டை இரண்டாம் தரம் இறுக்கினேனா? ஸ்ரேரிங் தண்டின் ஊசி? அதை மாமா போட்டார், நான் பார்த்தேனா? ஓரக்கண்ணால் பார்த்தால் அம்மாவின் இடக்கை முன்பலகையில் விரிந்து ஊன்றி நிற்கும். மாட்டைத் தடவிக் கொடுப்பதுபோல.

"பயமா இரிக்காம்மா?"

"எனக்கென்ன பயம். நீ செஞ்சதுதானே."

இந்த வார்த்தையைவிடப் பெரிய பயத்தை எனக்கு யாரும் தந்ததில்லை. வேறு யாராவது செய்த காராக இருந்தால், கெட்டது நடந்தால் அது விபத்து. இது அப்படியல்ல. இந்தக் காருக்குள் அம்மாவுக்கு என்ன நடந்தாலும் அதை என் கைகள்தான் செய்திருக்கும். காலையில் முகம் கழுவ முன்னர் கராஜுக்குப் போய்ப் பொனற்றைத் திறந்துவிடுவேன். ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவி, விரலை மணந்து பார்ப்பேன். விரலில் எண்ணெய் இல்லை என்றால் அன்றைக்கு அம்மா உயிரோடு வேலைக்குப் போவா. பிறகு கை கழுவ உள்ளே போவேன். அந்த நேரம் அம்மா சாப்பாட்டுப் பையோடு கராஜுக்குள் வந்து நிற்பா. நான் திரும்பி வரும்போது பொனற் அப்படியே திறந்திருக்கும். அம்மா ஏதோ கும்பிட்டு முடித்ததுபோல ஒதுங்குவா. தாய் கும்பிடாமல் வேறு யார் கும்பிடுவது என்று நினைத்துப் பொனற்றை இறக்குவேன்.

இலை கொட்டிக் குளிர் இறங்கத் தொடங்கியபோது அந்த மணம் வந்தது. எண்ணெய் கருகும் மணம் எனக்குத் தெரியும். றப்பர் கருகுவதும் தெரியும். இது வேறு. துணி எரிகிற மணம்போல, அதோடு சமையலறையில் எப்போதோ மணந்த எதுவோ. 401இல் இருந்து இறங்கிச் சிவப்பு விளக்கில் நிற்கும்போது மெல்ல வரும், பிறகு போய்விடும்.

"அம்மா, உங்களுக்கு மணக்குதா?"

"இல்லியே." அம்மா சட்டென்று வெளியே பார்த்தா. "ரோட்டில ஆரோ என்னவோ எரிக்கிறானுகள்."

சனிக்கிழமை முழுதும் காருக்குக் கீழே கிடந்தேன். டோர்ச் வெளிச்சத்தில் கீழிருந்து பார்த்தால் குழாய்களும் கம்பிகளும் கறுப்புக்குள் கறுப்பாகத் தெரியும். ஒன்றும் அகப்படவில்லை. எண்ணெய்க் குழாயின் மூட்டில் மட்டும் இலேசான ஈரம். ஒரு துளிகூடச் சேராத ஈரம். இறுக்கினேன். மாமாவைக் கூப்பிட்டேன். அவர் மணந்து பார்த்துவிட்டு, "உனக்கு மூக்கில வருத்தம். அக்காட காரில அக்காட கறி மணக்காம என்ன மணக்கும்?" என்றார். சிரித்தேன். ஆனால் அன்றிரவு படுத்தபோது அந்த மணம் தலையணையிலும் இருந்தது.

திங்களும் செவ்வாயும் ஒன்றும் இல்லை. புதன் காலை மழையும் பனியும் கலந்து கொட்டியது. ஏறு பாதையில் எனக்குப் பின்னால் ஒரு சீமெந்து லொறி, பின்பார்வைக் கண்ணாடி முழுவதும் அதன் முகம்தான். நெடுஞ்சாலையில் இடம் விடுகிற எண்ணம் ஒருவருக்கும் இல்லை. மிதித்தேன். இதுவரை மிதிக்காத அளவுக்கு. கார் ஒரு கணம் யோசித்தது, விசில் எழும்பியது, பாய்ந்தது. இடம் கிடைத்துவிட்டது. மூச்சை விட்டேன்.

அப்போது அம்மா, "மகன், புகை" என்றா.

பொனற்றின் பின் விளிம்பில் இருந்து சாம்பல் நிறத்தில் ஒரு நூல். அது நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கயிறானது. பிறகு உள்ளே ஒரு செம்மஞ்சள் வெளிச்சம், யாரோ சமையலறையில் விளக்கைப் போட்டதுபோல. என் கால் எதை மிதித்தது, கை எதைத் திருப்பியது என்று எனக்கு இன்றைக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. வலது ஓரத்துக்கு வந்தேன். பெற்றோல் பம்பை நிறுத்தும் சுவிச்சை அடித்தேன். அம்மாவின் பெல்ற்றைக் கழற்றினேன். கதவைத் திறந்து அவவைத் தடுப்புக் கம்பியின் பக்கம் தள்ளி, "ஓடுங்க, ஓடுங்க, பின்னுக்கு ஓடுங்க" என்று கத்தினேன். அம்மாவை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை.

தீயணைக்கும் சிலிண்டர் இருக்கைக்குக் கீழே இருந்தது. பொனற்றை அகலத் திறந்தால் காற்றுப் புகுந்து தீ எழும்பும் என்பது தெரியும். விரலளவு நீக்கி, குழாயை உள்ளே விட்டு அழுத்தினேன். வெள்ளைத் தூள் சீறியது. வெளிச்சம் அவிந்தது, திரும்பவும் வந்தது, திரும்பவும் அவிந்தது. என் பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. அம்மா.

"முடிச்சு," என்றா. "அதுக்குள்ள அப்பாட முடிச்சு கிடக்குது மகன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் பிடிக்க முன்னர் அவ பொனற்றை ஒரு கையால் தூக்கி மற்றக் கையை உள்ளே விட்டுவிட்டா. எதையோ இழுத்தா. ஒரு சத்தம் வந்தது. அது அம்மாவின் சத்தம் என்று உணர எனக்கு நேரம் எடுத்தது. தடுப்புக் கம்பியோரம் இருந்த ஈரப் பனிக்குள் கையைப் புதைத்துக்கொண்டு குந்தினா. தீ முற்றாக அவிந்திருந்தது. லொறிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் சேற்றுத் தண்ணீரை எங்கள்மேல் வீசிக்கொண்டு.

அம்மாவின் கை பனிக்குள் இறுகப் பொத்தியிருந்தது. விரித்தபோது உள்ளே ஒரு காசு. அதில் கரிந்த மஞ்சள் துணி ஒட்டியிருந்தது, துணியில் அம்மாவின் தோலும்.

நேர்த்தி வைக்கிறவர்கள் மஞ்சளில் நனைத்த துணியில் காசு முடிந்து, காரியம் கைகூடியதும் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். எங்கள் ஊரில் அது கண்ணகி அம்மனுக்கு. வழக்கமாகச் சாமிப் படத்தடியில் வைப்பதை அம்மா காருக்குள் கட்டியிருந்தா. ஒன்றல்ல. நான் கை கழுவப் போன காலைகளில், பயம் கூடிய ஒவ்வொரு நாளும் ஒரு முடிச்சு, அதில் ஒன்று லொறியோடு போயிருந்த அப்பா பத்திரமாகத் திரும்ப. எங்கே கட்டுவது என்பதில் அவவுக்குக் குழப்பமே இருக்கவில்லை. ஆகப் பயமான சாமான் எது என்று கேட்டாவே, நானும் டோர்ச் அடித்துக் காட்டினேனே. நத்தை ஓட்டுக்குப் பக்கத்தில் ஓடும் எண்ணெய்க் குழாயில் வரிசையாகக் கட்டியிருந்தா. மூட்டில் கசிந்த அந்த ஈரத்தைத் துணி குடித்திருந்தது. ஒரு துளியும் கீழே விழாததற்குக் காரணம் அதுதான். நான் விரலால் தடவிப் பார்க்கும் இடத்துக்குப் பின்பக்கமாக, அம்மாவின் சின்னக் கை மட்டும் எட்டும் மறைவில், விளக்குத் திரிபோல.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கையைப் பார்த்தபடி எப்படி நடந்தது என்று கேட்டார். எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளன் நான்தான், எப்போதும்.

"என்ன கேக்கிறார்?" என்றா அம்மா.

"ஏன் நெருப்புக்குள்ள கை விட்டனீங்க எண்டு."

"உங்கப்பா ரோட்டில ஓடிக்கொண்டிரிக்கிற நேரம் அவர்ட முடிச்சு எரியப்படாது எண்டு சொல்லு."

நான் மருத்துவரிடம் ஒரு காசை எடுக்கப் போனதாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். விளங்கப்படுத்த எனக்குத் தெம்பில்லை.

கட்டுப் போட்டு முடிய, மருந்துக்காகக் காத்திருந்தபோது அம்மா கேட்டா: "வேற எங்க கட்டியிரிந்தா எரிஞ்சிரிக்காது?"

"டிக்கிக்குள்ள."

"போடா. அம்மனை டிக்கிக்குள்ள வைக்கிறதா?"

சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. இனிமேல் அந்தக் காரில் உங்களை ஏற்றவே மாட்டேன் என்றேன். பஸ்ஸில் போகச் சொன்னேன், நானும் கூடவே பஸ்ஸில் வருவதாகச் சொன்னேன். நான் ஒருநாளும் அந்தக் காரைத் துணிந்து ஓடவில்லை, உங்களுக்குப் போக்குவரத்து இல்லை என்றுதான் ஓடினேன், ஒவ்வொரு நாளும் செத்துச் செத்து ஓடினேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

அம்மா என் பக்கம் திரும்பினா.

"பக்கத்து ரோட்டு அன்ரி என்னோடதானே வேல செய்யிறா. வான் செத்த அண்டே சொன்னவ, என்ர காரில வாங்க அக்கா, வழிதானே எண்டு."

"மறுகா ஏன் போகல்ல?"

"நான் போனா நீ தனிய அதுக்குள்ள போவாய்."

பக்கத்தில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, மற்றக் கையால் என் சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளைத் தட்டினா. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. நெருப்பைக் கண்டபோதுகூட அப்படிக் குளிரவில்லை. அவவுக்காக நான், எனக்காக அவ. தேவையே இல்லாமல் இரண்டு பேரும் ஒவ்வொரு காலையும் அந்த இரும்புக்குள் ஏறி இருந்திருக்கிறோம்.

அப்பாவுக்கு அவர் ரோட்டில் இருக்கும்வரை சொல்லக்கூடாது என்று அம்மா தங்கச்சியிடம் சத்தியம் வாங்கினா. அவர் வீட்டுக்கு வந்த அன்று கராஜ் பக்கம் போகவே இல்லை. அம்மாவின் கையைப் பார்த்தார். சோற்றைப் பிசைந்து அவவுக்குத் தீத்தினார். நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

குளிர்காலம் முழுவதும் நானும் மாமாவும் கருகிய கம்பிகளை மாற்றினோம். எண்ணெய்க் குழாயைத் தூர விலக்கி, நத்தை ஓட்டுக்கு இரும்புத் தகட்டால் மறைப்புச் செய்தேன். ஏன் செய்கிறாய் என்று தங்கச்சி கேட்டாள். எரிந்த காரை ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்றேன். அது பாதி உண்மை. அப்பா அதற்குள் இருந்து ஒரு நாளும் ஓடவில்லை என்பதுதான் மிச்சம்.

பனி உருகி, ரோட்டில் போட்ட உப்பு மழையில் கழுவப்பட்ட பிறகு ஒரு ஞாயிறு அப்பா திறப்பைக் கேட்டார். "நானும் வாறன்" என்றேன். அம்மா வாசலில் நின்றா. நான் வலப்பக்க இருக்கையில் ஏறினேன். அந்தப் பக்கத்தில் இருந்து நான் அதுவரை போனதில்லை. அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை என்பதும், பிறேக் இல்லை என்பதும், அடுத்தவனின் காலை நம்பித்தான் இருக்கவேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் கை தானாக முன்பலகையில் போய் ஊன்றியது.

கிங்ஸ்ரன் ரோட்டில் அப்பா அருமையாக ஓடினார். இளவட்டம்போல ஒரு முழங்கையை யன்னலில் வைத்துக்கொண்டார். சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரில் இருந்த பொடியன் ஒருவன் பெருவிரலைத் தூக்கிக் காட்ட, அப்பாவும் திருப்பிக் காட்டினார். பிறகு 401இன் ஏறு பாதை.

"இப்ப மிதிக்கவா?"

"மெல்லப்பா. கொஞ்சம் பிந்தித்தான் இழுக்கும்."

அவர் லொறியை மிதிப்பதுபோல மிதித்தார். கார் யோசித்தது. அப்பா இன்னும் மிதித்தார். விசில் எழும்பியது, எங்கள் இருவரின் தலையும் பின்னே போய் அடித்தது, பின்சில்லு ஈரத்தில் ஒரு முழம் வழுக்கித் திரும்பப் பிடித்தது. அப்பா காலை எடுத்துவிட்டார். பின்னால் வந்தவன் ஹோர்னை அழுத்திப் பிடித்தான். அப்பா இரண்டு கையாலும் ஸ்ரேரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது பாதையை விட்டு அசையாமல், அடுத்த இறங்கு பாதையால் இறங்கி, ஒரு கோப்பிக் கடையின் வாகனத் தரிப்பிடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பனிப்புயலில் மலைப்பாதையால் சாமான் கொண்டுபோகிற மனிசன். ஸ்ரேரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"நல்லாத்தான் செஞ்சிரிக்காய் மனே," என்றார். திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். "எனக்குப் பயமாப் போச்சு."

"எனக்கும்தான்."

"உங்கம்மா உதுக்குள்ள ஒவ்வொரு நாளும் வந்தவளா?"

"ஓம்."

"அந்தப் பக்கத்திலயா?"

"ஓமப்பா. இந்தப் பக்கத்தில."

அவர் என் கையைப் பார்த்தார். அது இன்னும் முன்பலகையில் ஊன்றியிருந்தது. எடுத்துக்கொண்டேன்.

"நீ இறங்கு," என்றார். "நான் பின்ரோட்டால கொண்டு வாறன். நீ பஸ்ஸில வா."

"நீங்க இறங்குங்க. செஞ்சவன் நான், நான் கொண்டு வாறன்."

"சொல்லுறதக் கேள். இறங்கு."

நான் இறங்கவில்லை, அவரும் இறங்கவில்லை. கடைசியில் மாமாவுக்குப் போன் அடித்தோம். அவர் பஸ்ஸில் வந்து இறங்கி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திறப்பை வாங்கினார். "ரெண்டு ஆம்பிளையள். ஒராள் வாங்கினவர், ஒராள் செஞ்சவர். பஸ் வருது, ஏறிப் போங்க. நான் கலியாணம் கட்டாதவன், அழுறதுக்கு அக்கா மட்டும்தான்." நானும் அப்பாவும் பஸ்ஸில் வந்தோம். வழியில் அவர், "காரை வித்துப்போடு" என்றார். மாமா எங்களுக்கு முன்னரே வந்து, முகம் வெளிறிப்போய், வாசற்படியில் இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

எங்களிடம் காரை வாங்கியவர் யூனியன்வில்லைச் சேர்ந்தவர். ஏற்கெனவே இரண்டு பழைய கார்கள் வைத்திருக்கிறார். கோடை ஞாயிறுகளில் மட்டும் வெளியே எடுப்பாராம். தீப்பிடித்ததையும், எங்கே பிடித்தது, எதனால் பிடித்தது என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் ஆர்வமாகக் கேட்டுவிட்டு விலையைக் குறைத்தார். ட்றக்கில் ஏற்றும்போது அப்பா வெளியே வரவில்லை. அம்மா வந்து நின்று பார்த்தா. உள்ளங்கைத் தோல் இறுகியிருப்பதால் அவவால் இப்போது அந்தக் கையை முழுதாக விரிக்க முடியாது. பேக்கரியில் பொதி கட்டுவதில் இருந்து எடுத்து ஒட்டுத்தாள் ஒட்டுகிற இடத்தில் விட்டிருக்கிறார்கள். பக்கத்து ரோட்டு அன்ரியின் காரில்தான் போய்வருகிறா. நான் பஸ்ஸில் போகிறேன்.

அன்று பின்னேரம் தங்கச்சி சமையலறை மேசையில் இருந்து தொலைபேசியில் கணக்குக் கூட்டினாள். காரின் விலை, எஞ்சின், டர்போ, சாமான்கள், இன்சூரன்ஸ், 401இல் இருந்து இழுத்து வந்த கூலி, திருத்திய செலவு, அம்மா வேலைக்குப் போகாத கிழமைகள். அதில் இருந்து யூனியன்வில்காரர் தந்ததைக் கழித்தாள். சரியா என்று ஒருமுறை என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் திரும்பவும் கூட்டிப் பார்த்தேன். சரிதான். நட்டம், பதினாலாயிரத்து முன்னூற்று எண்பது டொலர்.